மரியா மாண்டிசோரி: படிப்பே வராது என்று பூட்டி வைக்கப்பட்ட குழந்தைகள் பாஸான கதை

மாண்டிசோரி என்ற பெயரைக் கேட்டதும் நம்ம ஊரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃபீஸ்தான். வண்ணம் பூசிய வகுப்பறை, வழவழப்பான மரச் சாமான்கள், குட்டி நாற்காலிகள், அட்மிஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கான பள்ளி என்ற முத்திரை அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் அந்த வகுப்பறைகளில் இன்றும் இருக்கும் பல பொருட்களின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1890-களின் கடைசியில், ரோம் நகரின் மனநலக் காப்பகங்களில் சில குழந்தைகள் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று இன்று நாம் சொல்கிறோமே, அவர்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உருவாக்கப்பட்ட முறைதான் பிறகு உலகம் முழுக்கப் போனது. அவர்களில் சிலர் அரசுப் பள்ளித் தேர்வை மற்ற குழந்தைகளோடு உட்கார்ந்து எழுதி, பாஸும் ஆனார்கள்.

யார் இந்த மரியா மாண்டிசோரி? அந்தக் குழந்தைகளிடம் என்ன செய்தார்? அவர்களைப் போன்றவர்களுக்குக் கல்லூரியின் கதவு எப்போது திறந்தது?

என்ஜினீயர் ஆக ஆசைப்பட்டவர்

1870 ஆகஸ்ட் 31 அன்று, இத்தாலியின் கியாராவல்லே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். அப்பா அலெஸாண்ட்ரோ நிதித் துறையில் அரசு அதிகாரி. அம்மா ரெனில்டே நிறையப் படித்தவர். மகளைப் படிக்க வைப்பதில் அம்மாவுக்குத்தான் பிடிவாதம் அதிகம். 1875-ல் குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

பெண்கள் அதிகபட்சம் டீச்சர் ஆகலாம் என்று நினைத்த காலம் அது. மரியா 13 வயதில் டெக்னிக்கல் பள்ளியில் சேர்ந்தார். முதலில் என்ஜினீயர் ஆகவேண்டும் என்று ஆசை. படித்து முடிக்கும்போது மனசு மருத்துவத்துக்கு மாறிவிட்டது. ரோம் பல்கலைக்கழகத்தில் 1890-ல் அறிவியல் படிப்பில் சேர்ந்து, அதைப் படியாக வைத்து மருத்துவப் படிப்புக்குள் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து நிர்வாண உடலைப் பார்ப்பது முறையல்ல என்று சொல்லி, பிணக்கூறுப் பயிற்சிக்கு அவரை மட்டும் வகுப்பு நேரம் முடிந்த பிறகு வரச் சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு, சடலங்களுக்கு நடுவே தனியாக நின்று கற்றுக்கொண்டார்.

1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இணையத்தில் பல இடங்களில் அவரை இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை, அவருக்கு முன்பே சில பெண்கள் அங்கே டாக்டர் ஆகியிருந்தார்கள். மிகச் சிலரில் ஒருவர் என்பதுதான் சரி. அதே ஆண்டு பெர்லினில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் பிரதிநிதியாகப் போய், சம வேலைக்குச் சம கூலி வேண்டும் என்று பேசிவிட்டு வந்தார். அப்போது வயது 26.

காப்பகத்தில் பார்த்தது

படிப்பு முடிந்ததும் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க நகரத்துக் காப்பகங்களுக்குப் போகவேண்டிய வேலை. அங்கேதான் அந்தக் குழந்தைகளைப் பார்த்தார். பேச வராதவர்கள், நடை தள்ளாடுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள், பள்ளியில் எந்தப் பாடமும் ஏறாதவர்கள். இவர்களை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாததால் மனநோயாளிகளோடு வைத்திருந்தார்கள். மருத்துவ ஏடுகளிலேயே இவர்களுக்கு இடியட் என்றுதான் பெயர். அப்போது அது திட்டும் வார்த்தை இல்லை, நோயின் பெயர். அதுதான் இன்னும் கொடுமை.

மாண்டிசோரியைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு காப்பகத்தில் குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். அவர்களைக் கவனித்துக்கொண்ட பெண்மணி அதை அருவருப்போடு காட்டி, எவ்வளவு பேராசை பாருங்கள் என்று குறைபட்டாராம். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர், வெறும் தரை. கையில் எடுத்துப் பார்க்க, உருட்ட, பிரிக்க, சேர்க்க ஒரு பொருள்கூட இல்லை. அந்தக் குழந்தைகள் துணுக்குகளைத் தின்பதற்காக மட்டும் பொறுக்கவில்லை, விரல்களுக்கு வேலை தேடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிறகு சேர்ந்தது என்பது இருக்கட்டும். அவருடைய அடுத்த 50 ஆண்டு வேலையை ஒரே காட்சியில் சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

மறந்துபோன இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

டாக்டராக இருந்தவர் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே கிடைத்தவை இரண்டு பெயர்கள். ஒருவர் ழான் இடார்ட். 1800-ல் பிரான்ஸின் அவேரோன் பகுதியில் காட்டில் திரிந்து பிடிபட்ட சிறுவனுக்கு விக்டர் என்று பெயர் வைத்து, பல ஆண்டுகள் பொறுமையாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். விக்டருக்குப் பேச்சு கடைசிவரை சரியாக வரவில்லை. ஆனால் எழுத்துகளை அடையாளம் காணும் அளவுக்கு வந்தான்.

இன்னொருவர் இடார்டிடம் பயின்ற எடுவார் செகுவின். பாரிஸில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வகுப்பு நடத்தி, பிறகு அமெரிக்காவில் குடியேறி 1880-ல் இறந்தவர். கை, கண், தோல் வழியாகத்தான் மூளைக்குப் பாதை என்பது அவர் கொள்கை. 1846-ல் அவர் எழுதிய 600 பக்கப் புத்தகத்தை மாண்டிசோரி முழுசாகத் தன் கையால் இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார். ஜெராக்ஸ் இல்லாத காலம் என்பதால் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி யோசித்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

1898-ல் தூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில், 28 வயதில், ஆசிரியர்கள் கூட்டத்தின் முன் தன் முடிவைச் சொன்னார். இந்தக் குழந்தைகளின் பிரச்சினை முதன்மையாக மருத்துவப் பிரச்சினை இல்லை, கல்விப் பிரச்சினை. அதாவது மருந்து சீட்டு எழுதுவதோடு டாக்டர் வேலை முடிந்துவிடாது, டீச்சர் வரவேண்டும். ஒரு டாக்டரே இதைச் சொன்னது பெரிய பேச்சானது.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் அன்று கேட்டது தனி வகுப்புகளும் தனி நிறுவனங்களும்தான். மற்ற மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்கும் உள்ளடங்கிய கல்வி என்ற இன்றைய கருத்து அப்போது அவரிடமும் இல்லை. காப்பகத்திலிருந்து பள்ளிக்கு என்பதே அன்றைக்கு ஒரு பெரிய தாவல்.

22 மாணவர்கள், 64 ஆசிரியர்கள்

கல்வி அமைச்சர் கைடோ பச்செல்லி, ரோமில் ஆசிரியர் பயிற்சி மாணவிகளுக்கு உரையாற்ற அவரை அழைத்தார். குறைபாடுள்ள குழந்தைகளின் நலனுக்காக ஒரு தேசிய அமைப்பும் உருவானது. அதன் முயற்சியில் 1900-ல் ஆர்த்தோஃப்ரெனிக் பள்ளி தொடங்கியது. மாண்டிசோரியும் சக டாக்டர் ஜியூசெப்பே மோன்டெசானோவும் இணை இயக்குநர்கள். முதல் ஆண்டில் 64 ஆசிரியர்கள் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் பார்த்துப் பழகுவதற்காக 22 குழந்தைகள் கொண்ட மாதிரி வகுப்பு ஒன்று அங்கேயே நடந்தது. பிறகு ரோமின் காப்பகங்களில் இருந்த குழந்தைகளும் வந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள். காலை 8 மணிக்கு வகுப்புக்குள் போனால் இரவு 7 மணி வரை அங்கேதான். வீட்டுக்குப் போய் அன்று பார்த்ததையெல்லாம் குறிப்பெழுதி, அடுத்த நாளுக்குப் புதிதாகச் சாமான் வரைந்து, தச்சரிடம் கொடுத்துச் செய்ய வைப்பார். தன்னுடைய உண்மையான பட்டம் அந்த இரண்டு ஆண்டுதான் என்று பின்னாளில் அவர் கருதினார்.

அங்கே என்ன நடந்தது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் வரவே இல்லை. ஊசியைத் துணிக்கு மேலும் கீழுமாக ஓட்டுவது எத்தனை முறை காட்டினாலும் பிடிபடவில்லை. மாண்டிசோரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். தாள் கீற்றுகளைப் பாய் முடைவது போல ஒன்று விட்டு ஒன்றாகக் கோக்கும் விளையாட்டைக் கொடுத்தார். சிறுமிக்கு அது பிடித்துப்போனது, நன்றாகவும் செய்தாள். சில நாள் கழித்து மறுபடி ஊசியைக் கொடுத்தால், கை தானாகப் போகிறது! மேலே, கீழே, மேலே, கீழே. பாய் முடைந்தபோதே தையலுக்கான அசைவைக் கை படித்துவிட்டது.

கற்றுக்கொள்ள முடியாத குழந்தை என்று எழுதி மூடியிருக்க வேண்டிய ஃபைல் அது. குழந்தை மாறவில்லை, பாடத்தின் வரிசைதான் மாறியது. ஒரு வேலையைச் செய்யச் சொல்வதற்கு முன்னால், அந்த வேலைக்குள் என்னென்ன அசைவுகள் இருக்கின்றன என்று பிரித்து, ஒவ்வொன்றையும் வேறு வழியில் பழக்கிவிடவேண்டும். மாண்டிசோரி முறை என்று இன்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

எழுத்துக்கும் அதே வழி. மரத்தில் பெரிய எழுத்துகளை அழகாகச் செய்ய வைத்தார். உயிரெழுத்துகளுக்குச் சிவப்பு, மெய்யெழுத்துகளுக்கு நீலம். குழந்தைகள் எழுதும் திசையிலேயே விரலால் அதன் மேல் தடவிக்கொண்டே இருப்பார்கள். பென்சில் பிடிப்பதற்கு முன்பே விரலுக்கு எழுத்து தெரிந்துவிடும்.

பேர் சொல்லிக்கொடுப்பதற்கு செகுவினிடமிருந்து எடுத்த மூன்று படிகள் இருந்தன. முதலில், இது சிவப்பு என்று காட்டுவது. அடுத்து, சிவப்பை எடுத்துக் கொடு என்பது. கடைசியாக, இது என்ன நிறம் என்று கேட்பது. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் முதல் படியிலிருந்து நேராக மூன்றாவதுக்குத் தாவி, பதில் வராத குழந்தையை மக்கு என்று சொல்லிவிடுகிறோம். இடையில் உள்ள படியில்தான் பல குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

பாஸானார்கள், பிறகு?

காப்பகத்திலிருந்து வந்த சில குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றார்கள். எந்த அளவுக்கு? அரசுப் பள்ளியில், மற்ற குழந்தைகளோடு சேர்ந்து பொதுத் தேர்வு எழுதும் அளவுக்கு. எல்லோரும் அல்ல, சிலர். எழுதிய அவர்கள் தேர்ச்சியும் பெற்றார்கள்.

ரோமில் அதிசயம் நடந்ததாகப் பேச்சு. எல்லோரும் இந்தக் குழந்தைகளை வியந்துகொண்டிருந்தபோது மாண்டிசோரிக்கு மட்டும் வேறொரு கவலை. என் மாணவர்கள் மேலே வந்தது சரி, எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளை இவர்கள் எட்டிப்பிடிக்கும் அளவுக்குக் கீழேயே வைத்திருப்பது எது? சாதாரணப் பள்ளிகள்தான் அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியை அமுக்குகின்றன என்ற முடிவுக்கு வந்தார். இதே முறையை அவர்களிடம் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்றிலிருந்து அவரை விடவில்லை.

அருமையான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விதான் அவரை அந்த 22 குழந்தைகளிடமிருந்து வேறு பக்கம் கூட்டிச் சென்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மரியோ

1901-ல் மாண்டிசோரி ஆர்த்தோஃப்ரெனிக் பள்ளியை விட்டு விலகினார். அதற்குப் பின்னால் அவர் பல ஆண்டுகள் வெளியே சொல்லாத ஒரு விஷயம் இருந்தது.

இணை இயக்குநர் மோன்டெசானோவும் அவரும் காதலித்தார்கள். 1898 மார்ச் 31 அன்று மகன் மரியோ பிறந்தான். கல்யாணம் செய்துகொண்டால் அந்தக் காலத்தில் பெண் வேலையை விட்டுவிடவேண்டியதுதான். கல்யாணம் ஆகாத தாய் என்று தெரிந்தாலோ வேலையும் போகும், பெயரும் போகும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். இருவருமே வேறு யாரையும் மணப்பதில்லை என்று பேச்சு. மோன்டெசானோ பிறகு வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். வாழ்க்கை வரலாறு எழுதிய பலரும் மாண்டிசோரி பள்ளியை விட்டதை இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். மோன்டெசானோ அதே துறையில் தொடர்ந்து வேலை செய்தார். விலக வேண்டியிருந்தது பெண்ணுக்குத்தான்.

மாண்டிசோரி அவ்வப்போது கிராமத்துக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவார், யார் என்று சொல்லாமலே. 1912 கடைசியில் அவருடைய அம்மா இறந்த பிறகு, பதின்ம வயதில் இருந்த மரியோவைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன், தத்துப்பிள்ளை.

ஊரார் குழந்தைகளை வளர்த்தவர் தன் குழந்தையை விட்டுவிட்டார் என்று இதை வைத்து அவரைக் குத்திக்காட்டுபவர்கள் உண்டு. குழந்தையோடு வேலை பார்க்க அந்தச் சமூகம் அவருக்கு ஒரு வழியும் வைக்கவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை.

சான் லோரென்சோவின் குழந்தைகள் வீடு

விலகிய பிறகு மானுடவியல், தத்துவம், உளவியல் என்று மறுபடி மாணவியாகிப் படித்தார், ரோம் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். அந்தக் காலத்து மானுடவியலாளர்களைப் போலவே குழந்தைகளின் தலையை அளந்து புள்ளிவிவரம் எடுக்கும் வேலையையும் செய்தார். அந்தப் பகுதி இன்று யாருக்கும் உதவாது.

1906-ல் ஒரு வீட்டுவசதி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ரோமின் சான் லோரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த கட்டடங்களை அந்த நிறுவனம் புதுப்பித்திருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனதும் சின்னக் குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடி, புதுச் சுவரையெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நோக்கம். மாண்டிசோரிக்கோ ஐந்து ஆண்டாகக் காத்திருந்த வாய்ப்பு. 1907 ஜனவரி 6 அன்று குழந்தைகள் வீடு திறந்தது. காப்பகக் குழந்தைகளுக்காகச் செய்த அதே வகைச் சாமான்கள் இங்கே வந்தன.

மர எழுத்துகளை மட்டும் இங்கே செய்ய முடியவில்லை, செய்து கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. சரி என்று உப்புத்தாளையும் அட்டையையும் வெட்டி எழுத்து செய்தார்கள். அதுவே நல்லதாகப் போயிற்று. மரத்தில் ஒரே ஒரு செட் இருந்தது, அட்டையில் எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம், ஒவ்வொரு குழந்தையும் சொற்களைக் கோத்துப் பார்க்கலாம். உலகம் முழுக்க இன்று மாண்டிசோரி வகுப்புகளில் இருக்கும் உப்புத்தாள் எழுத்துகள் இப்படி வந்தவைதான். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் திடீரென்று எழுத ஆரம்பித்ததும் செய்தி பரவியது. 1909-ல் புத்தகம், 1912-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1913-ல் அமெரிக்கப் பயணம், நியூயார்க் கார்னகி ஹாலில் நிரம்பி வழிந்த கூட்டம். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் குடும்பமே ஆதரவாளர்கள். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையை மக்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கண்ணாடிக்கு உள்ளே இருந்தது எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தைகள்.

இதே காலத்தில் மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் மனசு கனத்துப்போகும். குழந்தைகள் வீடு திறந்த அதே 1907-ல்தான் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்துக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அப்படிப்பட்ட ஒரு சட்டத்தைச் சரி என்றது. 1939-ல் ஹிட்லரின் ஜெர்மனி, குறைபாடுள்ள குழந்தைகளையும் பெரியவர்களையும் கொல்லும் திட்டத்தையே தொடங்கியது. கற்பிக்க முடியும் என்று 1900-லேயே ரோமில் ஒரு வகுப்பறை காட்டியிருந்தது. அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்ட உலகம், பாடத்தைக் கொடுத்தவர்களை விட்டுவிட்டது.

முசோலினி, பிறகு சென்னை

1920-களில் முசோலினி அவர் பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தார், மாண்டிசோரியும் ஏற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் நியாயப்படுத்தக் கடினமான பகுதி இது. குழந்தைகளைச் சீருடைப் படையாக்க நினைத்த ஆட்சிக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் 1934-வாக்கில் உறவு முறிந்தது, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியிருந்தார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் வரவே நெதர்லாந்துக்குப் போனார்.

தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைக்க, 1939 நவம்பரில் சென்னை வந்து சேர்ந்தார். வயது 69. அடையாறில் கீற்றுக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது, சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை முகாமில் அடைத்தார்கள், அம்மாவை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். அந்த ஆகஸ்ட் 31, அவருடைய 70-வது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது, பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாக. மரியோவை மகன் என்றே குறிப்பிட்ட தந்தி அது. 42 ஆண்டுகள் மறைத்து வைத்த உறவை ஒரு அரசாங்கத் தந்தி சாதாரணமாகச் சொல்லிவிட்டது.

போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கி, கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கான கல்வித் திட்டத்தை உருவாக்கினார். 1944-ல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறுபடி இந்தியா வந்து 1949 வரை வேலை பார்த்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்றான தி அப்சார்பென்ட் மைண்ட் முதலில் அச்சானது சென்னையில்தான். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக்கில், 81 வயதில் இறந்தார். 1990-ல் இத்தாலி வெளியிட்ட 1000 லிரா நோட்டில் அவர் படம் இருந்தது.

கல்லூரிக் கதவு எப்போது திறந்தது?

அவர் பிறந்த இத்தாலியிலேயே, குறைபாடுள்ள குழந்தைகளுக்கான தனி வகுப்புகளை நீக்கி, துணை ஆசிரியரோடு பொது வகுப்பிலேயே சேர்க்கும் சட்டம் 1977-ல்தான் வந்தது. அவர் இறந்து 25 ஆண்டு கழித்து. மேல்நிலைப் பள்ளிக்கு அந்த உரிமையை 1987-ல் அரசியல் சாசன நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பல்கலைக்கழகங்கள் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உதவி ஏற்பாடு செய்யவேண்டும் என்று 1999-ல் இன்னொரு சட்டம் வந்தது.

அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களைக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கொண்டுவரும் திட்டத்தில் முன்னோடி கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம், 1987-ல். அமெரிக்காவில் 2008-ல் வந்த உயர்கல்விச் சட்டம், பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாத, டிகிரிக்குப் படிக்காத இந்த மாணவர்களுக்கும் மத்திய அரசின் கல்வி உதவித்தொகையைத் திறந்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் சேர்ந்தால் போதும். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியிலும் இவர்களுக்கென ஒரு சான்றிதழ் படிப்பு நடக்கிறது.

இவை எப்படி இயங்குகின்றன? பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டு. வழக்கமான வகுப்புகளில் சிலவற்றில் மற்ற மாணவர்களோடு உட்காருவார்கள், பாடமும் அசைன்மென்ட்டும் அவரவருக்கு ஏற்றபடி மாற்றித் தரப்படும். கூடப் படிக்கும் மாணவர் ஒருவர் துணைக்கு இருப்பார். பஸ் பிடிப்பது, கேன்டீனில் கணக்குப் பார்ப்பது, இன்டர்ன்ஷிப் எல்லாமே படிப்பில் சேர்த்தி. முடிவில் டிகிரி இல்லை, சான்றிதழ். ஒரு பெரிய வேலையை அதற்குள் இருக்கும் அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பழக்குவது. பாய் முடைந்து தையல் கற்ற அந்த 11 வயதுச் சிறுமிக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது.

இந்தியாவில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. வயது வரம்பில் ஐந்து ஆண்டு சலுகையும் உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம், அதில் 1 சதவீதம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளிட்டவர்களுக்குச் சேர்த்து. ஆனால் டிகிரி படிப்பில் சேர பிளஸ் டூ பாஸாகவேண்டும். என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளி வழியாக அதைத் தாண்டுபவர்கள் இருக்கிறார்கள். தாண்ட முடியாதவர்கள் 18 வயதுக்குப் பிறகு பெரும்பாலும் வீட்டில், அல்லது காகிதப் பை, மெழுகுவர்த்தி செய்யச் சொல்லிக்கொடுக்கும் தொழிற்பயிற்சி மையத்தில்.

அதே சட்டத்தின் 17-வது பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் பொருத்தமான மாற்றங்கள் செய்யவேண்டும் என்கிறது. தேர்வு என்ற பாதியில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஸ்கிரைப் என்ற அளவுக்காவது நடைமுறை வந்திருக்கிறது. பாடத்திட்டம் என்ற மற்ற பாதிக்கு எந்தக் கல்லூரியில், யாரிடம் மனு கொடுப்பது என்று யுடிஐடி கார்டும் கையுமாகப் பெற்றோர் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.